பொருள்: ஷேடோ பேன் (shadow ban) – தமிழில் என்ன சொல்லலாம்?

ந. எழுதியது:
அன்பர்களே, ஊடகக் கல்விப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒருவருடைய பதிவை நீக்காமல், அவருக்கும் தெரிவிக்காமல், பிறர் கண்ணில் படாதபடி சமூக ஊடகத் தளம் ஒதுக்கிவைப்பதற்கு ஒரு சொல் வேண்டும். 'நிழல் தடை' என்று எழுதினேன். நிழலுக்குத் தடை என்று மாணவர்கள் படிக்கிறார்கள்.

செ. எழுதியது:
'மறைதடை'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். ஒற்று மட்டும் மிகக்கூடாது. 'மறைத்தடை' என்றால் வேதத்துக்குத் தடை என்றாகிவிடும்.

வா. எழுதியது:
ஐயா, இது தடையே அன்று. தடுத்தால் தடுக்கப்பட்டவருக்குத் தெரியும். இங்கே வரிசையில் கீழே தள்ளுகிறார்கள். 2016இல் இன்ஸ்டாகிராம் கால வரிசையைக் கைவிட்டபின், யாருடைய பதிவு முன்னால் வரும் என்பதை அங்கே பெரும்பாலும் அல்காரிதம்தான், அதாவது பதிவுகளை வரிசைப்படுத்தும் கணினிக் கணக்குமுறைதான், முடிவுசெய்கிறது. மாற்றுத்திறனாளிகளின் காணொளிகள் அதிகம் பரவாதபடி டிக்டாக் கட்டுப்படுத்தியது 2019இல் வெளிவந்தது. கேலியிலிருந்து அவர்களைக் காக்கவே அப்படிச் செய்ததாக விளக்கமும் வந்தது! கேலி செய்பவரை விட்டுவிட்டுப் பேசுபவரை ஒதுக்குவது என்ன காவல்? 'அமுக்கம்' என்று வையுங்கள். அமுங்கு தன்வினை, அமுக்கு பிறவினை. அமுக்கியவர் ஒருவர் உண்டு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

செ. எழுதியது:
அம்மா, 'அடக்கம்' அடங்குவதற்கும் வரும், அடக்குவதற்கும் வரும். 'அமுக்கம்' அப்படித்தான், பிறவினைப் பொருள் அதில் நிலைக்காது. இலங்கைப் பாடநூல்களில் அது காற்றின் அழுத்தத்தைக் குறிக்கிறது. தவிர, 'அல்காரிதம்' எதற்கு? 'நெறிமுறை' இருக்கிறதே.

கு. எழுதியது:
'நெறிமுறை' என்றால் தளம் அறத்தோடு நடப்பதாக மாணவர் நினைப்பார். அல்காரிதம் இருக்கட்டும்; அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயரிலிருந்து வந்த சொல், ஆங்கிலத்துக்கும் அது கடன்தான். 'மறைதடை'க்கு என் ஆதரவு.

வா. எழுதியது:
ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பதிவை நீக்கினால் மட்டுமல்ல, பின்னுக்குத் தள்ளினாலும் காரணம் சொல்லவேண்டும் என்கிறது. இரண்டையும் 'தடை' என்றே எழுதினால் இந்த வேறுபாட்டை மாணவருக்கு எப்படி விளக்குவீர்கள்? பெயர்ச்சொல் இடறினால் 'அமுக்குதல்' என்று எழுதுங்கள்.

ந. எழுதியது:
மூவர் 'மறைதடை' என்கிறார்கள், என்னையும் சேர்த்து. அதையே அனுப்புகிறேன், 'வரிசையில் கீழே தள்ளுதல்' என்ற விளக்கம் அடைப்புக்குறிக்குள் வரும்.

வா. எழுதியது:
விளக்கத்தில் தள்ளுபவர் யாரென்றும் எழுதுங்கள். சொல்லை நான் ஏற்கவில்லை.