டெலி லென்ஸில் ஐபீஸ் பொருத்தினால் தொலைவு மட்டும் தெளியவில்லை: உதவி தேவை

பாம்பன்கரை:
வணக்கம். பழைய டெலி லென்ஸ் ஒன்றின் பின்புறம் அடாப்டர் வழியாக ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸை)ப் பொருத்தி, பறவை பார்க்கும் ஸ்கோப்பாகப் பயன்படுத்த முயன்று வருகிறேன். வீட்டு முற்றத்தில் காயும் வலையின் கண்களை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. ஆனால் தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயிலருகே நின்று பூநாரைகளை நோக்கினால், குவிய வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிறிய கறையாகவே தெரிகின்றன. ஞாயிறு காலை மறுபடியும் போகிறேன், விரைந்து உதவுங்கள்.

உப்பங்கழி:
எந்த நிறுவனத்து லென்ஸ், அதன் குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டர், ஐபீஸினுடையது எவ்வளவு, இரண்டுக்கும் இடையில் வேறு ஏதேனும் உண்டா? முற்றத்து வலை எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்:
அபெர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி புகும் துளை) மூடிக் கிடக்கும், ஐயமே இல்லை. நிக்கானின் ஜி வகை லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றியதும் அதன் இதழ்கள் முழுவதும் சுருங்கிவிடும். பின்புறமுள்ள சிறு நெம்பை ஓர் அட்டைத் துண்டால் தள்ளி நிறுத்திய பிறகுதான் எனக்கு வெளிச்சமே வந்தது.

வாலிநோக்கம்:
எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? பத்து மணிக்கு மேல் மணல் சுட்டுவிட்டால், எந்தக் கண்ணாடியை வைத்தாலும் கானல்தான் தெரியும்.

சங்குத்துறை (மூத்த உறுப்பினர்):
தம்பி, கேமரா லென்ஸ் படம் எடுப்பதற்கு, ஸ்கோப் பார்ப்பதற்கு. இந்த அடிப்படையை இங்கே பலமுறை விளக்கிவிட்டேன். அடாப்டருக்குச் செலவழித்த பணத்தைச் சேர்த்து வைத்திருந்தால், இந்நேரம் 65 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட ஸ்கோப்புக்குப் பாதி வழி வந்திருப்பீர்கள்.

பாம்பன்கரை:
மன்னிக்கவும். கேனான் 400 மி.மீ., எஃப் 5.6. ஐபீஸ் 25 மி.மீ. வலை நான்கைந்து மீட்டர் தொலைவு, பார்த்தது காலை ஏழு மணிக்கு. படம் நிமிர்ந்து தெரிவதற்காக 45 டிகிரிப் பட்டகம் (பிரிசம்) ஒன்றை இடையில் வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

உப்பங்கழி:
சொல்ல வேண்டியது அது ஒன்றுதான். உங்களுடையதைப் போன்ற கேனான் இ.எஃப். வகை லென்ஸ், தொலைவுப் பொருளின் பிம்பத்தைக் கேமராவில் மாட்டும் தன் பொருத்து வளையத்திலிருந்து 44 மி.மீ. பின்னால் விழச் செய்கிறது. ஐபீஸ் அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும். உங்கள் பட்டகத்துக்குள் ஒளி கடக்கும் பாதையே அதைவிட நீளம் என்பதால், ஐபீஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பக்கத்துப் பொருளின் பிம்பம் மட்டுமே அதற்கு எட்டுகிறது. 40 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: குவியத் தூரமான 400ஐ 400ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 4000, அதனுடன் ஒரு 400 சேர்த்தால் ஏறத்தாழ நான்கரை மீட்டர். உங்கள் வலை அங்கேதான் காய்கிறது. பட்டகத்தை எடுத்துவிட்டு ஐபீஸை நேராகப் பொருத்துங்கள். அடாப்டரின் தடிமன் 44 மி.மீ.க்குள் அடங்கினால் போதும், மிச்சத்தை ஐபீஸைச் சற்று வெளியே இழுத்துச் சரிசெய்யலாம். படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும்.

தொண்டிக்காரருக்கு: கேனானில் அபெர்ச்சர் மின்சாரத்தால் இயங்குகிறது, கழற்றினாலும் திறந்தே இருக்கும். இந்த லென்ஸில் குவிய வளையமும் கையாலேயே இயங்குவது நல்லூழ். மிரர்லெஸ் கேமராக்களுக்கான லென்ஸ்கள் பலவற்றில் மின்சாரம் இல்லாமல் வளையத்தைத் திருப்பியும் பயனில்லை.

தொண்டிக்காரன்:
கேனான் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் நெம்பைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டேன்.

சங்குத்துறை (மூத்த உறுப்பினர்):
400ஐ 25ஆல் வகுத்தால் 16 மடங்கு. அதைக் கொண்டு உள்ளான் பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாளக் கொடியின் எழுத்தைப் படிக்க முடியுமா? நிமிர்த்தும் பட்டகம் உள்ளேயே அமைந்த, கேமரா லென்ஸை ஸ்கோப்பாக்கும் 10 மி.மீ. மாற்றிகளைக் கேனான், நிக்கான் பொருத்துகளுக்கென்றே கென்கோ செய்திருக்கிறது. அதில் 40 மடங்கு கிடைக்கும்.

வாலிநோக்கம்:
முதலில் ஸ்கோப் வாங்கச் சொன்னீர்கள், இப்போது அந்த மாற்றியை வாங்கச் சொல்கிறீர்கள். 40 மடங்கில் பறவை பெரிதாவதைப் போலவே கானலும் பெரிதாகும், தென்கடல் காற்றில் முக்காலியின் நடுக்கமும் பெரிதாகும். அரிச்சல்முனையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சங்குத்துறை (மூத்த உறுப்பினர்):
முக்காலியின் நடுத்தண்டில் கல் மூட்டையைத் தொங்கவிடத் தெரியாதவர்களுக்கு 8 மடங்கு பைனாகுலரே அதிகம்.

உப்பங்கழி:
இருவரும் வெளிச்சத்தை மறந்துவிட்டீர்கள். ஐபீஸின் மில்லிமீட்டரை லென்ஸின் எஃப் எண்ணான 5.6ஆல் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 25 மி.மீ. ஐபீஸுக்கு அது ஏறத்தாழ 4.5 மி.மீ., 10 மி.மீ. மாற்றிக்கு 1.8 மி.மீ.தான். நல்ல வெயிலில் இரண்டும் போதும், விடியற்காலையில் இரண்டாவது மங்கலாகத்தான் இருக்கும். ஏழு மணிக்குப் போகிறவருக்கு 16 மடங்கே ஏற்றது என்பது என் கருத்து.

சங்குத்துறை (மூத்த உறுப்பினர்):
கருத்து யாருக்கும் இருக்கலாம்.

பாம்பன்கரை:
பட்டகத்தை எடுத்துவிட்டேன், தெளிந்துவிட்டது. மேயும்போது தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துக்கொள்ளும் பறவை என்பதால், பூநாரையின் முகம் மட்டும் எனக்கு நேராகத் தெரிந்தது. உப்பங்கழி அண்ணனுக்கு நன்றி.