டெக்னிக்கல் ஒத்திகை: சார்ஜர் செருகினால் ஸ்பீக்கர் உறுமுகிறது, உதவி வேண்டும்

சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு ஒலி பார்க்கிறேன். சனிக்கிழமை முதல் காட்சி. இதுவரை மேடைக்குப் பக்கவாட்டில், மிக்ஸரை ஒட்டியே உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்தால் ஹாலில் என்ன கேட்கிறது என்றே தெரியாது. அதனால் நேற்று எட்டாவது வரிசையில் நாற்காலிக் கைகளின்மேல் பலகை போட்டு, லேப்டாப்பை அங்கே மாற்றினேன். ஹெட்ஃபோன் துளையிலிருந்து மிக்ஸர் வரை 20 மீட்டர் கேபிள்.

சார்ஜர் செருகினால் 'ம்ம்ம்' என்று உறுமல், பிடுங்கினால் நின்றுவிடுகிறது. லைட்டைப் பாதிக்கு இறக்கும்போது கொசு மாதிரி இன்னொரு சத்தம். இது சார்ஜர் இல்லாவிட்டாலும் வருகிறது. சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்கிறார் ஹால் எலெக்ட்ரீஷியன். உடைக்கலாமா?

பதில் (பழைய ஒலிக்காரன்):
தம்பி, பின்னில் கை வைக்காதீங்க. சார்ஜரில் கரண்ட் கசிந்தால் அது போக வேண்டிய வழியே அதுதான்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. லேப்டாப்புக்கு ஹால் சுவர் பிளக், மிக்ஸருக்கு மேடை பிளக், சரிதானே? இரண்டு எர்த்துக்கும் இடையில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். உங்கள் கேபிளின் ஷீல்டு (உள்கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை) அவற்றை இணைத்துவிடுகிறது, அதன் வழியே ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்டைத்தான் கேட்கிறீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, லேப்டாப் பக்கத்திலேயே வையுங்கள். லேப்டாப்பிலிருந்து பாக்ஸ் வரை குட்டிக் கேபிள், அங்கிருந்து மிக்ஸருக்கு எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள்). பாக்ஸில் ஷீல்டு இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள்.

கொசு, லைட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருடையது. அது ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கரண்டை வெட்டித் திறக்கிறது. பாதி வெளிச்சத்தில்தான் இரைச்சல் அதிகம். உங்கள் கேபிள் லைட் கேபிளோடு சேர்ந்து போகிறதா?

கேட்டவர்:
சேர்ந்து போகிறதாவா! யாரும் தடுக்கி விழக்கூடாது என்று நானே இரண்டையும் ஒன்றாக டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன் அண்ணா.

பதில் (பழைய ஒலிக்காரன்):
பிரித்துவிடுங்க. ஓர் அடி தள்ளிப் போகட்டும். குறுக்கே போயே ஆக வேண்டிய இடத்தில் சிலுவை மாதிரி செங்குத்தாக வெட்டிப் போகட்டும்.

பதில் (திரைக்குப் பின்னால்):
கூடவே நோட்டிஃபிகேஷன், வைஃபை, ஸ்லீப் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எங்கள் நாடகத்தில் அப்பா உயிர்விடும் நேரத்தில் ஹால் முழுக்க 'டிங்' என்று வாட்ஸப் அடித்தது. ஸ்கிரீன் வெளிச்சத்தையும் குறையுங்கள், லைட் டிசைனர் இருட்டு சீன் பார்க்கும்போது திட்டுவார்.

கேட்டவர்:
டிஐ பாக்ஸ் வந்தது. உறுமல் சுத்தமாக இல்லை. கொசு, ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் கேட்கிறது. நன்றி அண்ணா. ஆனால் புதுச் சிக்கல்: சனிக்கிழமை எட்டாவது வரிசைக்கு டிக்கெட் விற்றாகிவிட்டதாம். பலகையை எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில் (பழைய ஒலிக்காரன்):
எப்போதும் அப்படித்தான். பலகையை எடுக்குமுன், இன்றைக்கே ஒவ்வொரு க்யூவின் (ஒலி போட வேண்டிய இடத்தின்) சத்த அளவையும் ஸ்கிரிப்ட் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்க. ஆட்கள் நிறைந்தால் ஹால் சத்தத்தைக் குடிக்கும். மழை, ரயில் மாதிரி பின்னணிகளைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். முதல் சீனில் மட்டும் நண்பர் யாரையாவது எட்டாவது வரிசைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, சத்தத்தைக் கூட்டவா குறைக்கவா என்று கையைக் காட்டச் சொல்லுங்க.