மறு: விதைத்தோலைக் கீறுவதற்கு என்ன பெயர்? (ஹவாய்ப் பருத்தி வளர்ப்புக் குறிப்பு)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரே வரியில் 'ஸ்காரிஃபிகேஷன், தமிழில் என்ன?' என்று கேட்டுவிட்டுப் போனேன். ஏழெட்டுப் பேர் பதில் போட்டிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் எந்தச் செடிக்கு, எந்த வேலைக்கு என்று நான் சொல்லாமல் விட்டதால் பாதிச் சொற்கள் திசைமாறிப் போய்விட்டன. தப்பு என்னுடையதுதான். இந்தத் தடவை முழுக்கதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது ஓவாஹூ தீவின் தென்மேற்கே, ஏவா சமவெளியில். ஹவாய் என்றதும் நினைவுக்கு வருகிற மழையும் அருவியும் இந்தப் பக்கம் கிடையாது. மேகத்தை மலை மறித்துக்கொள்ளும், எங்களுக்கு மிஞ்சுவது வெயிலும் பவளப்பாறைச் சுண்ணாம்பு மண்ணும்தான். இந்த மாதிரி வறண்ட கடலோரத்தில் தானாக வளரும் புதர் ஒன்று, பெயர் மஓ. நடுவில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும், உடம்படுமெய் போட்டு எழுதினால் அந்த அடைப்பொலி போய்விடும், 'மாவோ' என்று எழுதினாலோ சீனத் தலைவர் வந்து நின்றுவிடுவார். அதனால் இலக்கணக்காரர்கள் மன்னித்து 'மஓ' என்றே விட்டுவிடுங்கள். அதற்கு ஹுலுஹுலு என்றும் ஒரு பெயர் உண்டு, மயிரடர்ந்தது என்று பொருள். நம் இரட்டைக்கிளவி மாதிரி இருப்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

தாவரவியல் பெயர் கோஸிப்பியம் டொமென்டோஸம். ஆமாம், பருத்தியேதான். உலகத்தில் ஹவாய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் பருத்தி. நம் காடுகளில் போடுகிற அமெரிக்கப் பருத்திக்கு நெருங்கிய சொந்தம். இடுப்புயரம் வரும், உயரத்தைவிட அகலமாகப் படரும். இலை சாம்பல் பூத்த வெள்ளிப் பச்சை, பூ பூவரசம்பூ மாதிரி பளிச்சென்ற மஞ்சள். (பூவரசும் இங்கே கடற்கரையோரம் உண்டு, மிலோ என்பார்கள்.) காய் வெடித்தால் வெள்ளைப் பஞ்சை எதிர்பார்க்காதீர்கள், கொட்டையோடு ஒட்டிய குட்டையான பழுப்பு மயிர்தான் இருக்கும், நூற்க உதவாது. ஹவாய்க்காரர்கள் இலையிலிருந்து பச்சைச் சாயமும் பூவிலிருந்து மஞ்சள் சாயமும் எடுத்திருக்கிறார்கள்.

வளர்க்க வித்தை எதுவும் வேண்டாம், வித்தை காட்டினால்தான் செத்துப்போகும். முதல் செடியை நான்தான் கொன்றேன். நர்சரியில் வாங்கி வந்து, பச்சைப்பிள்ளையைப் பார்ப்பது மாதிரி காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். இலை மஞ்சளடித்தது, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. இப்போது வேர் பிடிக்கும்வரை வாரத்துக்கு இரண்டு தடவை, அப்புறம் மண் நன்றாகக் காய்ந்தபிறகு எப்போதாவது ஒரு நாள், அவ்வளவுதான். நாள் முழுக்க வெயில் படவேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. கடும் வறட்சியில் இலையெல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும், அதைப் பார்த்துப் பதறிக் குழாயைத் திறக்காதீர்கள், மழை விழுந்தால் தானே துளிர்க்கும். கவாத்து என்றால் நுனியை மட்டும், அடிக்கட்டை வரை வெட்டக்கூடாது. ராத்திரியில் ரோஜா வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கும், வெளிச்சம் அதற்கு ஆகாது என்பதால் இளஞ்செடிப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கை எரியவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விதையை அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும், தோலுக்குள் தண்ணீர் போகாது. அந்தத் தோல்தான் இந்தச் செடியை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும்: பக்கத்திலிருக்கும் கண்டமே 3,500 கிலோமீட்டருக்கு அப்பால், அவ்வளவு தூரம் கடலில் மிதந்து வந்த விதையிலிருந்து பிறந்த இனம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். தண்ணீர் புகுந்திருந்தால் வழியிலேயே அழுகியிருக்கும். தோட்டக்காரன் செய்யவேண்டியது கடல் செய்யாமல் விட்டதை. மயிரைப் பிய்த்துவிட்டு, நகவெட்டியால் தோலில் ஒரு சில்லு எடுக்கலாம், இல்லையென்றால் உப்புத்தாளில் தேய்க்கலாம், அதுவும் இல்லையென்றால் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை ஊற்றி ஒரு நாள் அப்படியே ஆறவிடலாம். மறுநாள் உப்பியிருக்கும் விதையை எடுத்து நட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் முளை. இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் ஆங்கிலத்தில் ஸ்காரிஃபிகேஷன் என்கிற அந்த ஒரே சொல்.

வந்த பரிந்துரைகளில் 'வடுவாக்கம்' அகராதியிலிருந்து நேராக இறங்கியது. வடு என்பது காயம் ஆறியபின் மிஞ்சுவது, இங்கே ஆறிவிட்டால் வேலை கெட்டது. 'விதையுறைக் கீறல்' பரவாயில்லை, ஆனால் வெந்நீர் எங்கே கீறுகிறது? 'தோல்நீக்கம்' தவறு, நாம் எதையும் நீக்கவில்லை, முழுத்தோலையும் உரித்தால் பருப்பு அழுகிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அக்கா 'உறைதிறப்பு' என்று சொல்லியிருந்தார், அதை நான் எடுத்துக்கொண்டே விட்டேன், மஓ வளர்ப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையிலும் போட்டேன். படித்துப்பார்த்த என் மனைவி 'கடிதம் வந்திருக்கா?' என்று கேட்டாள். அதோடு போச்சு.

என்ன சொல்கிறீர்கள்?

-----

தம்பிக்கு,

முப்பது வருஷம் விதைப் பரிசோதனை நிலையத்தில் ஈரக் காகிதத்துக்கு நடுவே விதையை அடுக்கி எண்ணினவன் நான், ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் கல் மாதிரி கிடக்கிற விதைக்கு எங்கள் முடிவுப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: கடின விதை. செத்த விதை வேறு, இது வேறு. பாசிப்பயறு, உளுந்துக்கெல்லாம் சான்று விதையின் முளைப்புத்திறன் குறைந்தது 75 சதவீதம் என்பதே கடின விதையையும் சேர்த்துத்தான். வீட்டில் பயறு முளைகட்டினால் நாலைந்து மட்டும் ஊறாமல் பல்லைப் பதம் பார்க்குமே, அதுதான். பருத்தியில் இந்தத் தொல்லை எங்களுக்கு அவ்வளவாக வந்ததில்லை. காரணம் எளிது, விதைத்ததும் முளைத்ததையே ஆயிரக்கணக்கான வருஷமாக அறுத்து விதைத்து வந்ததில் அந்தக் குணம் வளர்ப்புப் பருத்தியைவிட்டுப் போய்விட்டது. கரிசலில் கருங்கண்ணி என்கிற நாட்டுப் பருத்தி விதையைச் சாணத்தில் புரட்டிக் காயவைப்பார்கள், அது தோலுக்காக அல்ல, மயிர் ஒன்றோடொன்று ஒட்டாமல் கொட்டை தனித்தனியாகக் கையிலிருந்து விழ. இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

அதற்காகத் தமிழனுக்கு இந்த வேலை தெரியாது என்றில்லை. தாமரை விதையைத் தரையில் தேய்த்துப் போடாமல் யாராவது முளைக்கவைத்திருக்கிறார்களா? கருவேல நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்து செடி வருவதும் இதே கதைதான், வயிறு பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேய்ப்பது, ஊறப்போடுவது என்று தனித்தனி வினைதான் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெயர் இல்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெந்நீர் மொத்தத் தோலையும் இளக்குவதாக நினைக்கிறீர்கள், அப்படியில்லை. பருத்தி, துத்தி, செம்பருத்திக் குடும்பத்து விதையில் மழுங்கிய அகன்ற பக்கத்தில் ஒரு சின்ன மூடி மாதிரி இருக்கும், சூடு பட்டால் அது நெகிழ்ந்து கொடுக்கும், தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். கூர்மையான பக்கம் வேர் வருகிற இடம், அங்கே நகவெட்டியை வைத்தால் முளையையே நறுக்கிவிடுவீர்கள். ஆகவே, தோலுக்கு என்ன செய்கிறோம் என்பதை விட்டுவிட்டு, தண்ணீருக்கு வழி விடுகிறோம் என்பதிலிருந்து சொல்லை எடுங்கள். என் பரிந்துரை: விதைமடை, மடைதிறத்தல். நம்மிடம் ஏரியும் கண்மாயும் இருக்கும்போது ஆங்கிலக்காரனின் காயத்தையும் வடுவையும் எதற்குச் சுமக்கவேண்டும்?

வேண்டுமானால் கருங்கண்ணி விதை கொஞ்சம் அனுப்பிவைக்கட்டுமா? மஓவுக்குப் பக்கத்தில் போட்டுப்பாருங்கள்.

-----

ஐயா,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: அனுப்பவேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். பருத்தி விதை இங்கே வேளாண் சோதனையைத் தாண்டாது. தாண்டினாலும் பருத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பருத்தியை நடுவதை இங்கே ஒரு மாதிரி பார்ப்பார்கள். கருங்கண்ணியால் ஆபத்தில்லை என்று தெரியும், அதற்கு 26 நிறப்புரி (குரோமோசோம்), மஓவுக்கு 52, சுலபத்தில் கலக்காது. ஆனால் அமெரிக்கப் பருத்தியும் எகிப்துப் பருத்தியும் 52 ரகம், மஓவோடு கலந்தால் விதை பிடிக்கிற பிள்ளையே பிறக்கும். மரபணு மாற்றிய பி.டி. பருத்தியை ஹவாயில் வணிகமாகப் பயிரிட அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அனுமதிக்காததற்கு இந்தக் காட்டுச் சொந்தம் முக்கியமான காரணம். தலைகீழாக, மஓவின் குணம் ஒன்று பயிர்ப் பருத்திக்குள் போயிருக்கிறது. நம் பருத்தி இலையின் அடிநரம்பில் தேன் சுரக்கும் சின்னக் குழி இருக்குமே, மஓவில் அது கிடையாது. அந்த இல்லாமையைக் கலப்பில் ஏற்றிப் பூச்சிகளுக்குத் தீனி குறைந்த பருத்தி ரகங்களை உருவாக்கினார்கள். அந்தச் சுரப்பிக்குத் தமிழ் தேடுவதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம், இங்கே ஆரம்பித்தால் முடியாது.

கூர்முனை பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தலையில் குட்டு. போன வருஷம் உப்புத்தாளில் தேய்த்த விதைகளில் பாதி வரவில்லை, விதை பழசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூர்மையான பக்கம்தான் பிடித்துத் தேய்க்க வசதி, அதைத்தான் தேய்த்திருக்கிறேன்.

இப்போது சொல். வழியிலிருந்து எடு என்றீர்களே, அது சரி, அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் மடையில் எனக்கு ஒரு தயக்கம். மடையைத் திறந்தவன் திரும்ப அடைக்கலாம், மடை என்கிற ஏற்பாடே அதற்குத்தான். விதையைத் திறந்தால் திறந்ததுதான். வெந்நீரில் போட்டு எடுத்த விதையை டப்பாவில் அடுத்த வருஷத்துக்கு வைத்தால் ஈரம் புகுந்து வீணாகும், அன்றே நட்டாகவேண்டும். புதிதாக வளர்க்கிறவர்கள் செய்யும் தப்பும் இதுதான், எல்லா விதையையும் மொத்தமாக ஊறப்போட்டுவிட்டுத் தொட்டி இல்லாமல் முழிப்பார்கள். சொல்லிலேயே 'அடைக்கலாம்' என்கிற சாயல் இருக்கவேண்டாம் என்று நினைக்கிறேன்.

அதனால் கொஞ்சம் நகர்த்தி 'நீர்வாய்'. அகன்ற பக்கத்திலிருக்கும் அந்த மூடிபோட்ட இடம் நீர்வாய், அதைத் திறக்கும் வேலை நீர்வாய் திறத்தல். தேய்த்துத் திறக்கலாம், சில்லெடுத்துத் திறக்கலாம், வெந்நீரில் திறக்கலாம், அமிலத்தில் திறக்கலாம், எல்லாமே அடங்கும். தோலில் வேறெங்கோ சில்லெடுத்தால் அது இயற்கையான வாய் அல்லவே என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான், நாம் ஒரு புது வாய் வைக்கிறோம். குடத்தில் ஓட்டை போட்டாலும் வாய்தானே, பெரிதாக உறுத்தவில்லை. வாயில் நீர் ஊறுவது மாதிரி கேட்கிறது என்று தனிமடலில் ஒருவர் எழுதினார். மதுரைப் பருத்திப்பாலை நினைத்துக்கொண்டு படித்திருப்பார், நான் என்ன செய்ய.

'கடின விதை'யை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், முப்பது வருஷம் படிவத்தில் இருந்த சொல்லுக்குப் போட்டியாகப் புதுசு எதற்கு.

கட்டுரையில் அந்தப் பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

'மஓ விதை கடின விதை. நடுகிற அன்றைக்குத் தேவையான விதைக்கு மட்டும் நீர்வாய் திறக்கவும். அகன்ற பக்கத்தில் லேசாகத் தேய்க்கவும், கூர்முனையைத் தொடவேண்டாம். தேய்க்கப் பயமாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை ஊற்றி ஒரு நாள் விடவும். உப்பாத விதையை எறியாமல் மறுபடி ஒருமுறை வெந்நீரில் போடவும்.'

'நீர்வாய்த் திறப்பு' என்று பெயராக்கினால் ஒற்று மிகுமா என்று மட்டும் இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அனுப்பவேண்டும்.