இல்லாததையும் சேர்த்து வரையச் சொல்கிறார்கள்

அமெரிக்கச் சிற்றூர்களில் சாலையோரம் உட்கார்ந்து படம் வரையும் பழக்கம் நம் குழுவில் ஐந்தாறு பேருக்காவது இருக்கும். படங்கள் இருக்கட்டும். வரையும்போது பக்கத்தில் வந்து நின்று பேசியவர்களைப் பற்றி எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம் சிகாகோவிலிருந்து பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு மேற்கே காரில் போனேன். பின் இருக்கையில் ஒரு மடக்கு நாற்காலி, நீர்வண்ணப் பெட்டி, இரண்டு ஊறுகாய் பாட்டில் நிறையத் தண்ணீர். 1926இல் எண் கொடுத்த சாலை அது. 1985இல் அந்த எண்ணையே எடுத்துவிட்டார்கள். அகலமான புது நெடுஞ்சாலைகள் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போய்விட்டன. அதனால்தான் பழைய பெட்ரோல் நிலையங்களும் மோட்டல்களும் இன்னும் நிற்கின்றன என்பது என் எண்ணம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அங்கே யாரிடமும் பணம் இல்லை. நாம் பழமையின் அழகு என்று ரசிப்பதில் பாதி, அந்த ஊர்க்காரர்களின் வியாபாரம் படுத்துப்போனதன் அடையாளம். இது தெரிந்த பிறகும் ரசிக்கத்தான் செய்கிறேன்.

இல்லினாய் மாநிலத்தின் பான்டியாக் ஊரில் பாப் வால்ட்மயரின் ஆரஞ்சு நிற வோக்ஸ்வாகன் வண்டியை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலையிலேயே வாழ்ந்து 2009இல் மறைந்த ஓவியர். பேனாவும் மையும்தான் அவர் கருவி. அவருடைய வரைபடங்களைப் பார்த்தால் கட்டடத்தைச் சுற்றி ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் குறிப்புகள் எழுதியிருப்பார். அதைப் பார்த்த அன்றே எனக்கும் ஒரு புத்தி வந்தது. வந்து பேசுகிறவர்கள் சொல்வதைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன். முன்புறத்தில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்.

ஓக்லஹோமாவில் ஆர்க்கேடியா என்ற ஊரில் ஒரு வட்டக் களஞ்சியம் இருக்கிறது. 1898இல் கட்டியது. ஓக் மரப் பலகைகளைப் பச்சையாக இருக்கும்போதே தண்ணீரில் ஊறவைத்து வளைத்திருக்கிறார்கள். 1988இல் கூரை விழுந்துவிட்டது. ஓய்வு பெற்ற ஒரு தச்சர் தம் வயதொத்த நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு செப்பனிட்டு, 1992இல் திறந்தார்கள். அங்கே மூன்று காகிதங்களைக் கிழித்தேன். சதுரக் கட்டடத்தில் ஒரு கோடு தவறினால் மறைத்துவிடலாம். வட்டத்தில் தவறினால் களஞ்சியம் பானையாகிவிடும். பிக்கப் வண்டியில் வந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இடது பக்கம் சாய்கிறது” என்றார். கட்டடமா, என் படமா என்று கேட்பதற்குள் கிளம்பிவிட்டார்.

நான் சொல்ல வந்தது கட்டூசா நீலத் திமிங்கிலத்தை. அதுவும் ஓக்லஹோமாதான். ஹியூ டேவிஸ் என்பவர் தம் மனைவிக்குத் திருமண நாள் பரிசாக 1970களின் தொடக்கத்தில் கட்டியது. அந்த அம்மையாருக்குத் திமிங்கில பொம்மைகள் சேர்க்கும் பழக்கம். கணவர் சேர்த்துக் கொடுத்த பொம்மை எண்பது அடி நீளம்! குளத்தின் கரையில் வாயைத் திறந்துகொண்டு, தலையில் தொப்பியோடு சிரித்தபடி கிடக்கிறது. வாய் வழியாக உள்ளே நடந்து வால் வரைக்கும் போகலாம். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் நீந்தினார்கள். 1988க்குப் பிறகு நீந்த விடுவதில்லை.

ஜூன் மாதம். காற்றில் அவ்வளவு ஈரம். முதல் பூச்சு காய அரை மணி நேரம் ஆனது. காயட்டும் என்று காத்திருந்தபோது ஒருவர் வந்து பின்னால் நின்றார். என் வயது இருக்கும். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “பையன்களைக் காணோமே?” என்றார்.

தண்ணீரில் யாரும் இல்லை என்றேன்.

“எனக்குத் தெரிகிறது. நான் அந்த வாலிலிருந்துதான் குதிப்பேன். என் தம்பியும். எங்கள் இருவரையும் போட்டுவிடுங்கள்.”

நான் பார்ப்பதை மட்டும்தான் வரைவேன் என்று சொன்னேன். சொன்னபோது அது ஏதோ கொள்கைபோல் எனக்கே பெருமையாக இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, தம்பி எந்தக் கோடையில் எத்தனை முறை குதித்தான் என்று கொஞ்சம் சொன்னார். தம்பி இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போய்விட்டார். அன்று பின்புறத்தில் எழுதியது நான்கு வரி. இன்றைக்கும் அந்தப் படத்தை எடுத்தால் முன்புறத்தைவிடப் பின்புறத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

நான் செய்தது சரியா? உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா?

*

அண்ணா, நீங்கள் போட்டிருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் அயோவாவில் இருக்கிறேன். எல்டன் என்ற ஊரில் ஒரு சின்ன வெள்ளை மர வீடு இருக்கிறது. மாடியில் மட்டும் தேவாலயத்தில் வைக்கிற மாதிரிக் கூரான ஜன்னல். 1880களின் தொடக்கத்தில் கட்டியது. 1930இல் கிரான்ட் உட் அந்தப் பக்கம் வந்தபோது ஜன்னலைப் பார்த்து ரசித்துக் குறிப்போவியம் எடுத்தார். கவைக்கோலோடு ஒரு கிழவர், பக்கத்தில் முகம் இறுகிய ஒரு பெண் நிற்கிற ‘அமெரிக்கன் காதிக்’ ஓவியம் அதிலிருந்து பிறந்தது. அந்தப் பெண்ணுக்கு மாதிரியாக இருந்தவர் ஓவியரின் தங்கை. கிழவர் ஓவியரின் பல் மருத்துவர்! இருவரும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்து கொடுத்தார்கள். அந்த வீட்டின் முன்னால் ஒரு நாளும் சேர்ந்து நிற்கவில்லை. இந்த வீட்டில் எப்படிப்பட்டவர்கள் குடியிருப்பார்கள் என்று தமக்குத் தோன்றியதோ அவர்களைக் கிரான்ட் உட் கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னலையும் உள்ளதைவிட நீட்டித்தான் வரைந்திருக்கிறார். கண்ணால் கண்டதோடு நிறுத்தியிருந்தால் அது இன்னொரு வீட்டுப் படமாகப் போயிருக்கும்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். பக்கத்தில் உள்ள பார்வையாளர் மையத்தில் ஏப்ரனும் கோட்டும் கவைக்கோலும் இரவல் தருகிறார்கள். வருகிறவர்கள் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் வீட்டை வரைய உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஜோடி வந்து மறைத்தது. முதலில் எரிச்சல். மதியத்துக்குள் வீட்டை விட்டுவிட்டு அவர்களையே வரையத் தொடங்கிவிட்டேன். நெப்ராஸ்காவிலிருந்து தனியாக வந்த ஒரு வயதான விவசாயி, ஏப்ரனை என்னிடம் நீட்டி, “ஜோடிக்கு ஆள் இல்லை, நீங்கள் நிற்கிறீர்களா?” என்றார். சுடிதாருக்கு மேல் ஏப்ரன் கட்டி நின்றேன். சிரிக்கக் கூடாது என்று அவர் இரண்டு முறை சொன்னார். அந்தப் புகைப்படம் அவரிடம்தான் இருக்கிறது. எங்கோ நெப்ராஸ்காவில் ஒரு வீட்டுச் சுவரில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன் போலும்.

*

வீட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் குறுக்கே ஒரு வார்த்தை. மாசசூசெட்ஸ் ராக்போர்ட் துறைமுகத்தில் சிவப்பு நிற மீனவர் குடிசை ஒன்று உண்டு. ‘மோடிஃப் நம்பர் ஒன்’ என்று பெயர். அமெரிக்காவில் மிக அதிகமாக வரையப்பட்ட கட்டடம் அதுதான் என்று சொல்லிக்கொள்வார்கள். நானும் போய் வரைந்தேன். முடிக்கும் தறுவாயில் இறால் கூண்டு தூக்கிக்கொண்டு போன ஒருவர், “நகலுக்கு நகல்” என்று சொல்லிவிட்டு நடந்தார். பிறகுதான் விசாரித்தேன். பழைய குடிசை 1978 பனிப்புயலில் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதே ஆண்டில் அதே இடத்தில் அதேபோல் ஒன்றைக் கட்டி நிறுத்திவிட்டார்கள். அங்கே ஊரே இல்லாததைச் சேர்த்து வரைந்திருக்கிறது. நீங்கள் இரண்டு பையன்களுக்கு யோசிக்கிறீர்கள்.

*

எல்லாருடைய அனுபவமும் இனிப்பாகவே இருப்பதால் கொஞ்சம் கசப்பையும் வைக்கிறேன்.

நான் வரைவது பெரும்பாலும் விளம்பரம் தீட்டிய களஞ்சியங்களை. ஓஹையோவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் ‘மெயில் பவுச்’ புகையிலை விளம்பரம் எழுதிய கருப்புச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஹார்லி வாரிக் என்ற ஒரே மனிதர் ஏறத்தாழ இருபதாயிரம் களஞ்சியங்களில் எழுதினார் அல்லது பழையதைப் புதுப்பித்தார். அச்சுத்தகடு கிடையாது, கையாலேயே எழுத்து. 1990களின் தொடக்கத்தில்தான் ஓய்வு பெற்றார். ஊர் ஊராகப் போய் வரைந்தவர்களில் என் கணக்கில் அவர்தான் ஆசான். அவரை யாரும் ஓவியர் என்று சொல்லி நான் கேட்டதில்லை என்பது வேறு.

ஒரு முறை மேற்கே தானியக் கோபுரம் ஒன்றை வரையலாம் என்று ஒரு சிற்றூரில் நிறுத்தினேன். ஊர் பெயர் வேண்டாம். பொதுச்சாலையின் ஓரம்தான், யாருடைய நிலமும் இல்லை. இருபது நிமிடத்தில் காவல் வண்டி வந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு ஆள் கிடங்கைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி முறையாகத்தான் பேசினார். உரிமத்தை வாங்கிச் சரிபார்த்தார், படத்தைப் பார்த்தார், “நல்லது” என்றார், போனார். அதன் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கோடு நேராக வரவே இல்லை. வளைந்த கோபுரத்தோடு அந்தப் படத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் முதலில் ஊர் உணவகத்துக்குப் போய் ‘பை’ என்கிற இனிப்பு ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நான் இன்ன இடத்தில் உட்கார்ந்து வரையப்போகிறேன் என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிடுவேன். பத்து நிமிடத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். களஞ்சியமாக இருந்தால் உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் நாற்காலியை விரிப்பது. புதிதாகக் கிளம்புகிறவர்கள் வண்ணம் வாங்குவதற்கு முன்னால் இதைப் பழகிக்கொள்ளுங்கள். என் தோழிக்கு இப்படி எதுவும் நேர்ந்ததில்லையாம். அவளுக்குப் பொன்னிறத் தலைமுடி.

*

தொடங்கியவன் மீண்டும் வருகிறேன்.

காவல் வண்டி வந்ததைப் பற்றித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு என் பயணத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். என்னையும் இரண்டு இடத்தில் விசாரித்தார்கள். நான் அதை எந்தப் படத்தின் பின்புறத்திலும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

திமிங்கிலத்துக்கு வருகிறேன். அயோவாத் தங்கை சொன்னதற்குப் பிறகு பொறுக்கவில்லை. சென்ற வாரம் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்துப் புதுக் காகிதத்தில் ஒன்று போட்டேன். குளம் வந்தது, வால் வந்தது. இரண்டு பையன்களைக் குதிக்கவைக்க வேண்டும். அமெரிக்கப் பையன்கள் எழுபதுகளில் எப்படிக் குதித்தார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? கை தானாக ஒன்றைச் செய்தது. பெரியவன் காற்றிலேயே சம்மணம் போட்டுக்கொண்டு விழுகிறான். தண்ணீர் தென்னை உயரத்துக்குத் தெறிக்க வேண்டும் என்று எங்கள் பம்புசெட் கிணற்றில் நாங்கள் குதித்த குதி அது.

மனைவி வந்து பார்த்தாள். “சின்னவன் முதுகில் என்ன மூட்டை?” என்றாள்.

நானே அப்போதுதான் கவனித்தேன். நீச்சல் பழகாத பிள்ளைக்குக் கட்டுவோமே, சுரைக்குடுக்கை. நல்ல காவி நிறத்தில் அழகாகவே வந்திருக்கிறது. காய்ந்துவிட்டது; இனி அழிக்க முடியாது.