எல்லார் போனிலும் வைஃபை வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை: உங்களுக்கு நடந்தது என்ன?

தாம்பரம் அப்பா:
மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு. விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய மறுநாள் கடைசி. கல்லூரிகளை நோட்டில் வரிசைப்படுத்தி வைத்துவிட்டு இரவு ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறந்தால், வைஃபை பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு போட்டால் சுற்றிச் சுற்றி ‘இணைக்க முடியவில்லை’ என்கிறது. வீட்டில் மூன்று போனிலும் நெட் ஓடுகிறது. அன்று காலையில்தான் கேபிள்காரர் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போயிருந்தார். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துக் கொடுத்ததால் எனக்கு அதன்மேல் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் பையன்மேல் போனது. ஒன்பதாவது படிக்கிறான், முந்தின நாள் லேப்டாப்பில் கேம் ஏற்றியிருந்தான். “என்னடா பண்ணி வச்சிருக்க?” என்று அக்கா முன்னால், பாட்டி முன்னால் கத்திவிட்டேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதை லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். லேப்டாப் உடனே இணைந்துவிட்டது. பட்டியலையும் பதிந்துவிட்டோம்.

காரணம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. புது ரவுட்டரில் பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்று இருந்திருக்கிறது. அந்த முறை 2018இல் வந்தது, எங்கள் லேப்டாப் 2014இல் வாங்கியது, அதற்கு இது புரியவில்லை. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைந்து டபிள்யூபிஏ2, 3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. அவன் தட்டில் ஆறிப்போன தோசை மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பீளமேடு மருமகள்:
உங்களுக்குப் பெயராவது தெரிந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. நாத்தனார் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லேப்டாப். பட்டியலில் எதிர்வீடு, மாடி வீடு, தெருமுனை பேக்கரி என்று ஒன்பது வைஃபை தெரிகிறது. இரண்டடி தள்ளிப் பச்சை விளக்கோடு எரிகிற எங்கள் ரவுட்டர் மட்டும் இல்லை. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “நம்ம வீட்டுப் பேரை மட்டும் யாரும் எடுத்துட்டாங்களாம்மா?” என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபீஸ் வேலை அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள் போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டுப் பார்த்தேன். ரவுட்டர் தானாகவே சேனல் 13க்குப் போயிருந்தது. சேனல் என்றால் வைஃபை அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதை மாதிரி. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் நம் ஊரில் 13 சேனல் வரை உண்டு, அமெரிக்காவில் 11 வரைதான் புழக்கம். அங்கே வாங்கிய லேப்டாப் 13 பக்கம் எட்டியே பார்க்கவில்லை. சேனல் 6இல் நிறுத்தினேன். பட்டியலில் எங்கள் பெயரை முதலில் பார்த்தவர் மாமியார்தான்.

ரிச்சி தெரு சர்வீஸ்:
பீளமேடு அக்கா, நீங்கள் சொல்வது நடக்கும், ஆனால் அபூர்வம். எத்தனையோ வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், சேனல் 13 சிக்கல் இரண்டே முறைதான் வந்தது. இதைப் படித்துவிட்டு எல்லாரும் ரவுட்டரில் கைவைத்தால் சிரமம்.

திண்டிவனத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் லேப்டாப்பை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலில் வந்தார். ஏற்கெனவே ஒரு கடையில் போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் முன்விளிம்பில் வைஃபையை ஆன், ஆஃப் செய்ய நகம் அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்ச். நகத்தால் தள்ளினேன். ஆரஞ்சு விளக்கு நீலமாக மாறியது. அவ்வளவுதான். “ரெண்டு மாசமா பேத்தி முகத்தைப் பாக்கலப்பா” என்று அந்தச் சுவிட்சையே தடவிக்கொண்டிருந்தார். அந்த 6,500ஐ நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால் சொல்கிறேன். பெயரே எதுவும் தெரியவில்லையென்றால் முதலில் சுவிட்ச், ஏரோபிளேன் மோடு, பிறகு விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டு இருக்கிறதா, மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட் ஆன மறுநாள் கெட்டது என்றால் வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். பெயர் தெரிந்தும் சேரவில்லையென்றால் அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுப் பாஸ்வேர்டைப் புதிதாகப் போடுங்கள். ஹாட்ஸ்பாட்டில் இணைந்துவிட்டால் கார்டு உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், லேப்டாப்பில் குறையே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தாம்பரம் சார் கதையே அதற்குச் சாட்சி. அவசரமென்றால் ஆண்ட்ராய்டு போனை வைஃபையிலேயே வைத்து, கேபிளில் லேப்டாப்போடு செருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், மொபைல் டேட்டா செலவாகாது. நெட் அமைப்புகளையெல்லாம் அழித்துப் புதிதாக்கும் நெட்வொர்க் ரீசெட்டைத் தயவுசெய்து கடைசிக்கு வையுங்கள். சேமித்த பாஸ்வேர்டெல்லாம் போய்விடும், ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன்னையும் மறுபடி போட வேண்டிவரும். சார், உங்கள் பழைய லேப்டாப்புக்கு யூஎஸ்பியில் செருகும் குட்டி வைஃபை கருவி, அதாவது டாங்கிள், ஒன்று வாங்கிவிடுங்கள்.

திருநகர் டீச்சர்:
ரீசெட்டைக் கடைசிக்கு வை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 ஊரடங்கில் பள்ளி லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வைஃபை முழுசாகக் காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. நாலு நாள் அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினேன். “மிஸ், உங்க கை மட்டும்தான் தெரியுது” என்று ஒரு குழந்தை சொல்லிக்கொண்டே இருந்தது. ரீசெட் கொடுத்த பிறகுதான் சரியானது. பள்ளி நெட்வொர்க்குக்கென்று யாரோ ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்ணை, கையால் போட்டு வைத்திருந்தார்களாம்.

தாம்பரம் சார், தினமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறவள் என்பதால் சொல்கிறேன், பையனிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.

ரிச்சி தெரு சர்வீஸ்:
டீச்சர், அதற்கு ரீசெட்டே வேண்டாம். ஐபி முகவரியைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றியிருந்தால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருந்திருக்கும்.

தாம்பரம் அப்பா:
டீச்சர், நேற்று இரவு பேசிவிட்டேன். தப்பு என்னுடையது என்று அதே பாட்டி முன்னால் வைத்தே சொன்னேன். “சரிப்பா” என்றான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, லேப்டாப் 2.4தான் பிடிக்கிறது, கேமுக்குப் போதவில்லை என்றான். ரிச்சி தெரு தம்பி, நீங்கள் சொல்கிற டாங்கிள் 5 ஜிகாஹெர்ட்ஸும் எடுக்குமா?