உடன்வளர்மீனும் பொருந்துமீனும்: அயிரைத் தொட்டிக்கு இரண்டு சொற்கள்

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

வீட்டு மீன்தொட்டியில் அயிரை (ஆங்கிலத்தில் 'லோச்') இன மீன்களோடு சேர்த்து வளர்க்கும் பிற மீன்களை ஆங்கிலத்தில் 'டாங்க்மேட்' என்பர். அதற்கு நேரான தமிழ்ச்சொல்லாகத் தொட்டித்தோழன், தாங்கித்துணை, சகமீன், உடனுறைமீன், இணக்கமீன் ஆகிய ஐந்தும் நம் குழும உரையாடலில் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. வட இலங்கையின் வன்னியில் மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கென ஒரு சிறு கைநூலை எழுதிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், இந்தச் சொல் எனக்கு நாளாந்தம் தேவைப்படுகிறது. ஐந்தையும் என் பக்கங்களில் வைத்து எழுதிப் பார்த்தேன். எழுதிப் பார்த்த பிறகு நான் வந்தடைந்த முடிவு, நமக்கு வேண்டியது ஒரு சொல் அன்று, இரண்டு சொற்கள் என்பதே. ஒரே தொட்டியில் இருத்தல் ஒன்று. ஒன்றுக்கொன்று ஒத்துவருதல் வேறொன்று. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறது, நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு எனக்குப் புலப்பட்டது அகராதியில் அன்று. சில ஆண்டுகளுக்கு முன், மாரி ஓய்ந்து வயல் வாய்க்கால்களில் நீர் வடிந்துகொண்டிருந்த நாள்களில், கைவலையால் ஏழு அயிரைகளையும் விரற்கடை நீளமான இரண்டு விரால் குஞ்சுகளையும் பிடித்து வந்து ஒரே தொட்டியில் விட்டேன். ஒரே வாய்க்காலில் ஒரே நீரில் வாழ்ந்தவை என்பதால் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றரை மாதத்தில் விரால்கள் வளர்ந்தன. அயிரைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து இரண்டே எஞ்சின. வாய்க்காலில் அயிரைக்குச் சேறு இருந்தது, அதற்குள் புதைந்துகொள்ளும். புல்லின் வேர் இருந்தது, ஓடித் தப்பும். கண்ணாடித் தொட்டியில் அவை இல்லை. குளத்தில் கூடி வாழ்வன எல்லாம் தொட்டியில் கூடி வாழ்வன ஆகா என்பதை அந்த ஐந்து அயிரைகளை இழந்தே கற்றேன். ஆகவே நாம் ஆக்கும் சொல் அந்தத் தவறான எண்ணத்துக்கு இடந்தரக்கூடாது என்பதில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு.

நம் இலக்கணம் இந்த இரண்டையும் முன்பே பிரித்து வைத்திருக்கிறது. நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களுள் ஒன்று உடனிகழ்வு. 'அயிரையோடு விரால் இருக்கிறது' என்பது அந்த வகை. அதில் நட்பும் இல்லை, பகையும் இல்லை, உடன் இருத்தல் மட்டுமே உண்டு. நான்காம் வேற்றுமைக்கோ பகை, நேர்ச்சி, தகவு என்பனவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து, 'இதற்கு இது' என்பதே அதன் பொருள் என்று நன்னூல் கூறுகிறது. 'அயிரைக்கு விரால் பகை', 'அயிரைக்கு இது தகும்' ஆகிய இரண்டும் அதே உருபை ஏற்பன. எனவே உடனிருத்தலைக் குறிக்கும் சொல் 'ஓடு', 'உடன்' என்பவற்றின் வழியிலும், ஒத்துவருதலைக் குறிக்கும் சொல் 'கு' உருபின் வழியிலும் அமைவதே தமிழுக்கு இயல்பாகும்.

இனி முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். 'தாங்கித்துணை' என்பதை எழுதிய வவுனியா நண்பர், ஈழத்தில் தண்ணீர்த் தாங்கி என்ற வழக்கு நிலைத்துவிட்டதை நினைவூட்டினார். அது உண்மையே. ஆனால் தாங்கி என்றதும் இங்குள்ள வாசகர் கூரைக்கு மேலே நிற்கும் கொள்கலத்தையே நினைப்பர். மீன் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியை எவரும் தாங்கி என்பதில்லை, தொட்டி என்றே சொல்கின்றனர். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையில் எழுதப்படும் ஆங்கிலத்தில் 'டாங்க்' என்பது முதன்மையாகக் குளத்தையே குறிக்கிறது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கனகராயன்குளம், பாவற்குளம் ஆகிய அனைத்தும் நீர்ப்பாசன ஆவணங்களில் அந்தச் சொல்லாலேயே எழுதப்படுகின்றன. ஊரின் பெயரிலேயே குளத்தை வைத்திருக்கும் நாம் அந்த ஆங்கிலச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்தால், குளத்து மீன்களின் உறவும் தொட்டி மீன்களின் உறவும் மீண்டும் ஒன்றாகிவிடும்.

துணை என்ற ஈறும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. மீன் வளர்ப்பில் ஆணும் பெண்ணுமாக இணை சேர்ப்பது தனி வேலை. துணைமீன் என்றால் வாசகர் அதைத்தான் முதலில் எண்ணுவார். தோழன் என்பது ஆண்பாற் சொல், அதோடு மீன்களுக்கு நாம் கண்டறியாத ஓர் உணர்வையும் ஏற்றிவிடுகிறது. சகமீன் என்பது 'சக மாணவர்' போல ஒரு மீனின் பக்கத்தில் நின்று பேசும் சொல்லாக இருக்கிறதே அன்றி, தொட்டியைப் பராமரிப்பவர் பயன்படுத்தும் சொல்லாக இல்லை. இணக்கம் என்பது பிணக்குக்குப் பின் பேசித் தீர்த்துக்கொள்வதற்கு வழங்குவது. நீரின் வெப்பநிலை எந்தப் பேச்சுக்கும் இணங்காது.

விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், உயிரிகள் சேர்ந்து வாழும் உறவுக்குப் பாடநூல்களில் உள்ள 'ஒன்றியவாழி', 'ஓரட்டிலுண்ணி' ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்தலாகாதா என்று கேட்டிருந்தார். ஓரட்டிலுண்ணி என்ற சொல்லின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஒரே அடுக்களையில் உண்பவர் என்ற காட்சியை எழுப்பி, ஓர் அறிவியற் கருத்தைப் பிள்ளைகளின் மனத்தில் பதிய வைத்த ஆக்கம் அது. ஆயினும் அது இயற்கையில் ஓர் உயிரி மற்றொன்றால் பயன்பெறும் உறவுக்கு உரியது. தொட்டியில் மீன்கள் ஒன்றாலொன்று பயன்பெறுவதில்லை, நாம் சேர்த்து வைத்ததால் சேர்ந்திருக்கின்றன. பாடநூற் சொல்லின் எல்லையைக் கலைக்க வேண்டாம்.

எஞ்சுவது உடனுறைமீன். ஐந்தில் இதுவே சிறந்தது. பல நாள் நானும் இதையே எழுதினேன். ஆனால் நம் மாணவர்களுக்கு 'உறை' என்றால் உறைநிலையும் குருதி உறைதலுமே முன்னே வந்து நிற்கின்றன. நீரைப் பற்றிய ஒரு நூலில் இந்த மயக்கம் வேண்டாம். அதற்குப் பதிலாக நான் முன்வைப்பது உடன்வளர்மீன். வாழ்தலுக்கும் வளர்தலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே பயன்படுகிறது. குளத்து மீன் வாழ்கிறது. தொட்டி மீனை நாம் வளர்க்கிறோம். 'வளர்ப்பு மீன்' என்று ஏற்கெனவே சொல்லிவருகிறோம் ஆகையால், 'வளர்' என்ற உறுப்பே மனிதர் பொறுப்பில் உள்ள நீர்நிலையைச் சுட்டிவிடுகிறது. தொட்டி என்று தனியே சேர்க்க வேண்டியதில்லை.

இச்சொல்லுக்கு இன்னொரு பலமும் உண்டு. அது வினைத்தொகை, வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று முக்காலத்தையும் தன்னுள் கொண்டது. அயிரை வாங்குவோர் செய்யும் முதற் பிழை காலத்தைப் பற்றியதே. கடையில் ஐந்து செ.மீ. நீளத்தில், செம்மஞ்சள் உடலில் மூன்று கரும்பட்டைகளோடு அழகாய்த் தெரியும் கோமாளி அயிரை, சுமாத்திரா, போர்னியோ ஆறுகளைத் தாயகமாகக் கொண்டது. நன்கு பராமரித்தால் 20 முதல் 30 செ.மீ. வரை வளர்ந்து, இருபது ஆண்டுக்கு மேலும் உயிர்வாழக் கூடியது. அதுவும் தனியே இருந்தால் ஒடுங்கிவிடும் என்பதால் ஐந்தாறாகவே வைக்க வேண்டியது. அதனோடு இன்று பக்கத்தில் நீந்தும் சிறுமீன் நான்கு ஆண்டுக்குப் பிறகு என்னவாகும் என்ற கேள்வியை 'உடன்வளர்' என்ற சொல்லே எழுப்பிவிடுகிறது.

இரண்டாவது சொல்லுக்கு நான் தேர்வது பொருந்துமீன். எதிர்மறைக்குப் பொருந்தாமீன். 'இசைவு' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் இசைவாக்கம் என்பது நம் பாடநூல்களில் சூழலுக்கு ஏற்ப உயிரிகள் பெறும் இயல்பைக் குறிக்க நிலைபெற்றுவிட்டது. பொருத்தம் என்றால் சாதகப் பொருத்தம் நினைவுக்கு வருமே என்று முல்லைத்தீவிலிருந்து ஒருவர் தயங்கினார். எனக்கு அதுவே இச்சொல்லை ஏற்கக் காரணம். கலியாணப் பொருத்தத்தை எவரும் ஒரே பார்வையில் சொல்வதில்லை, தலைப்புத் தலைப்பாகப் பார்க்கின்றனர். சில பொருந்தி, முக்கியமான ஒன்று பொருந்தாவிட்டால் நின்றுவிடுகின்றனர். தொட்டியிலும் பார்க்கும் முறை அதுவே.

முதலாவது நீர்ப் பொருத்தம். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் வன்னீர்; கேத்தலின் அடியில் வெண்படிவு இறுகிக் கிடப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். கப்பி மீனுக்கு அது நன்று. கடைகளில் 'கூலி' என்று விற்கப்படும் பாம்பு போன்ற சிற்றயிரையோ தென்கிழக்காசியாவின் மென்னீர் ஓடைகளுக்கு உரியது. சண்டையே இல்லாவிட்டாலும் இவ்விரண்டுக்கும் ஒரே நீரைச் சரிப்படுத்த முடியாது. (அந்தப் பெயருக்கும் நம் கூலிக்கும் தொடர்பில்லை, யாவாவில் ஆய்வு செய்து 1821-இல் இளவயதிலேயே மறைந்த கூல் என்ற செருமானிய இயற்கை அறிஞரின் பெயர் அது. தமிழில் 'வரிப்பாம்பயிரை' என்று எழுதலாம் என்பது என் எண்ணம்.)

வெப்பமும் அப்படியே. எங்கள் வீடுகளில் தொட்டி நீர் பகலில் 29, 30 பாகை வரை ஏறிவிடும். கோமாளி அயிரை அதைத் தாங்கும். பாறையோடு ஒட்டிக்கொண்டு விரைந்தோடும் குளிர்ந்த மலையோடைகளில் வாழும் அயிரைகளும், சீனா, யப்பான் பக்கத்துச் சேற்றயிரையும் தாங்கா. ஆக, அயிரை என்ற பொதுப்பெயர் இருப்பதாலேயே ஓர் அயிரை இன்னோர் அயிரைக்குப் பொருந்துமீன் ஆகிவிடாது.

அடுத்தது இயல்புப் பொருத்தம். இங்கேதான் 'கு' உருபின் அருமை தெரிகிறது. பொருத்தம் எப்போதும் இருபக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. வட இந்திய ஆறுகளைச் சேர்ந்த, கடைகளில் 'யோயோ' எனப்படும் அயிரைக்குக் கப்பியால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் கப்பியின் நீண்ட வாற்செட்டையை அந்த அயிரை கடித்துக் கிழிக்கக்கூடும். அயிரைக்குக் கப்பி பொருந்தும், கப்பிக்கு அயிரை பொருந்தாது. 'ஃபைட்டர்' மீனுக்கும் ஏஞ்சல் மீனுக்கும் அந்த அயிரையால் இதே நிலைதான். ஆகவே பொருந்துமீன் என்ற சொல்லை 'எதற்கு' என்பது இல்லாமல் தனியே எழுதக்கூடாது என்பதையும், இருதிசையிலும் கேட்டுப் பார்த்த பின்னரே ஒரு மீனை உடன்வளர்மீன் ஆக்க வேண்டும் என்பதையும் கைநூலின் முதற்பக்கத்திலேயே எழுதவுள்ளேன். நத்தையை விரும்பி வளர்ப்பவர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்; கோமாளி அயிரையும் யோயோவும் நத்தையை ஓட்டிலிருந்து உறிஞ்சி உண்பவை.

இடப் பொருத்தத்தில் அயிரை அடித்தளத்துக்கு உரியது. மீசைகளால் மணலைத் துழாவி இரை தேடுவது ஆகையால் கூரிய சல்லிக்கல் அதற்கு ஆகாது. அதே அடித்தளத்தைத் தன் ஆட்சி எல்லையாக்கிக்கொள்ளும் சிவப்புவால் 'சுறா' போன்றவையும், பெரும்பாலான சிக்லிட் மீன்களும் ஆகா. நடுநீரிலும் மேல்நீரிலும் கூட்டமாக நீந்தும், நீண்ட செட்டையில்லாத சுறுசுறுப்பான மீன்களே பொதுவாகப் பொருந்துவன. சுமாத்திராப் புலிக் கெண்டையைக் கோமாளி அயிரையோடு வளர்ப்பது பரவலான வழக்கம்.

மருந்துப் பொருத்தம் என்ற தலைப்பைப் பலர் எண்ணுவதில்லை. அயிரைகளின் செதில்கள் மிகச் சிறியவை, சிலவற்றில் கண்ணுக்கே தெரியாதவை. செப்பு கலந்த மருந்துகளும் உப்பும் அவற்றை எளிதில் தாக்கும். வெண்புள்ளி நோய் வந்தால் முதலில் அகப்படுவதும் பெரும்பாலும் கோமாளி அயிரையே. முழு அளவு மருந்து வேண்டிய மீன்கள் அதே தொட்டியில் இருந்தால், ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க நேரும்.

அயிரை என்ற பெயரைத் தொலைதூர நாட்டு மீன்களுக்கும் நீட்டலாமா என்ற ஐயத்துக்கு என் மறுமொழி, தயங்காமல் நீட்டலாம் என்பதே. சங்கப் பாடலில் நாரைக்கு இரையாக வரும் பெயர் அது. அறிவியல் நமது அயிரைக்கு 1846-இல் இட்ட பெயரில் வெந்நீரைக் குறிக்கும் 'தெர்மாலிசு' என்ற சொல் இருப்பது, அம்மீன் திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றிலிருந்து விவரிக்கப்பட்டதால். நம் மண்ணின் ஊற்றிலிருந்து உலக வகைப்பாட்டில் இடம்பிடித்த மீனின் பெயர் இருக்கையில், 'லோச்' என்று எழுதுவதற்கு ஒரு தேவையும் இல்லை.

கைநூலில் இடம்பெறவுள்ள விளக்கங்களின் வரைவு வருமாறு. உடன்வளர்மீன்: ஒரே தொட்டியில் மற்றொரு மீனோடு சேர்த்து வளர்க்கப்படும் மீன், தன்னினத்ததாகவும் பிறவினத்ததாகவும் இருக்கலாம். பொருந்துமீன்: நீர், வெப்பம், இயல்பு, இடம், முழுவளர்ச்சி அளவு, மருந்து ஆகியவற்றில் குறித்த ஒரு மீனுக்குத் தீங்கின்றி உடன்வளர்மீன் ஆகத்தக்க மீன், நான்காம் வேற்றுமையோடு மட்டும் வழங்குவது.

இன்னும் ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அயிரையின் கண்ணுக்குக் கீழே, வேண்டும்போது விரித்து நிறுத்தும் கூரிய முள் ஒன்று உண்டு. வலையில் சிக்கி மீனையும் கையையும் காயப்படுத்துவது அதுவே. 'கண்ணடிமுள்' என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் பக்கங்களில் நன்னீர் மீன்பிடியில் இருப்போர் அதற்கு வேறு பெயர் வழங்கினால், அதையே நூலில் வைக்க விரும்புகிறேன். அறிந்தவர் கேட்டு எழுதுங்கள்.