13பி ரோட்டரி: ஆயில் பம்பை எடுத்தாச்சு, பிளக் கருக்குது. கலவை அதிகமா?

ஹேங்கர்வாசி:
வணக்கம். ஒஹையோவில் ஆர்வி-7 (சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் சிறு விமானம்) கட்டிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் மாஸ்டா 13பி, காரிலிருந்து எடுத்த வான்கெல் வகை ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுற்றும்), டர்போ இல்லை. காரில் வந்த ஆயில் மீட்டரிங் பம்பை (ரோட்டர் சீல்களுக்கு அளந்து ஆயில் விடுவது) கழற்றி பிளேட் போட்டு அடைத்துவிட்டேன். பெட்ரோலிலேயே டூ-ஸ்ட்ரோக் ஆயில், காலனுக்கு 1 அவுன்ஸ். எரிபொருள் 100எல்எல் (விமானப் பெட்ரோல்). தரையில் ஐடிலில் கொஞ்ச நேரம் ஓட்டினாலே நாலு பிளக்கும் கருத்துப்போகிறது. ஆயிலைப் பாதியாக்கலாமா, இல்லை பம்பையே திரும்ப மாட்டட்டுமா?

பழையஇறக்கை:
ரோட்டரின்னா விளக்கெண்ணெய்தானே ஊத்தணும்? முதல் உலகப்போர் விமானமெல்லாம் அதுலதானே பறந்துச்சு!

எபெக்ஸ்:
அது வேற ரோட்டரிங்க. நோம், லெ ரோன் எஞ்சின்ல சிலிண்டரே சுத்தும், பெட்ரோல் கலவை கிராங்க்கேஸ் வழியாத்தான் போகும். மினரல் ஆயிலா இருந்தா பெட்ரோல் கரைச்சுக் கழுவிடும். விளக்கெண்ணெய் அதுல கரையாது, அதனால அது. வான்கெல்ல நேர்மாறு: ஆயில் பெட்ரோல்ல கரைஞ்சாத்தான் எபெக்ஸ் சீல் (ரோட்டர் முனையில இருக்கிற அடைப்பு) வரைக்கும் போய்ச் சேரும். (விளக்கெண்ணெய்ப் புகையைச் சுவாசிச்ச அந்தக் கால பைலட்டுங்க வயிறு பட்ட பாடு தனிக்கதை.)

ஹேங்கர்வாசி தம்பி, ஆயில்ல கை வைக்காதீங்க. 128-க்கு 1 தான் நீங்க கலக்குறது. நம்ம ஊர் பழைய ஸ்கூட்டருக்கு 50-க்கு 1 ஊத்துவோம். பிளக்கைக் கழட்டி விரலால தேய்ச்சுப் பாருங்க. காய்ஞ்ச கரியா ஒட்டுனா ஐடில்ல மிக்சர் ரிச், அதாவது காத்துக்கு பெட்ரோல் அதிகம். பிசுபிசுன்னு ஈரமா இருந்து, ஸ்டார்ட் பண்றப்ப நீலப்புகையும் வந்தா, ரோட்டர் பக்கவாட்டுல இருக்கிற ஆயில் கன்ட்ரோல் ரிங்கோட ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போயிருக்கும். அது சம்ப் ஆயில், எஞ்சின் அடித்தொட்டியில இருக்கிறது. நீங்க கலக்குற ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பம்போட இன்ஜெக்டர் துளைகளையும் அடைச்சீங்களா? திறந்திருந்தா அது வழியா காத்து இழுக்கும்.

தெற்குக்காற்று:
பம்ப் விஷயத்துக்கு என் கருத்து. காரில் அது சம்ப் ஆயிலையே உள்ளே தள்ளும். எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அடாப்டர் போட்டு, தனி டப்பாவிலிருந்து டூ-ஸ்ட்ரோக் ஆயிலை பம்புக்குக் கொடுப்பவர்களும் உண்டு. வெளியூர் ஏர்போர்ட்டில் எரிபொருள் போடும்போது ஆயில் ஞாபகம் வேண்டாம் என்பது அதில் வசதி. ஆனால் டப்பா காலியானாலோ டியூப் கழன்றாலோ எஞ்சின் அப்போதே காட்டிக்கொடுக்காது. சீல் தேய்ந்த பிறகுதான் தெரியும். நான் கலவைக் கட்சி. மணிக்கு 9 காலன் எரிந்தால் கூடவே 9 அவுன்ஸ், அதாவது சுமார் 266 மி.லி. ஆயிலும் போகிறது, த்ராட்டிலுக்கு ஏற்ப தானாகவே ஏறி இறங்கும். படகு எஞ்சினுக்கு வரும் டிசி-டபிள்யூ3 ஆயிலே போதும், சாம்பல் விடாத வகை.

இன்னொன்று, புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சாரை வைத்து மிக்சர் பார்க்கிறீர்களா? 100எல்எல்-இல் ஈயம் உண்டு, சென்சாரைச் சீக்கிரமே கெடுத்துவிடும். அதன் ரீடிங்கை மட்டும் நம்பாதீர்கள்.

ஹேங்கர்வாசி:
அண்ணே, காய்ந்த கரிதான். நீலப்புகை இல்லை. இன்ஜெக்டர் துளைகள் அடைத்தே இருக்கின்றன. ஐடிலில் எரிபொருளைக் குறைத்து, புது பிளக் போட்டு ஓட்டினேன், இப்போது பரவாயில்லை. சென்சாரையும் மாற்றப்போகிறேன். இன்னொரு சந்தேகம்: 100எல்எல்-உம் நீலம், என் ஆயிலும் நீலம். டேங்க் அடியில் சாம்பிள் பிடித்தால் ஆயில் கலந்திருக்கா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எபெக்ஸ்:
வெள்ளைத்தாள்ல சில சொட்டு விட்டுக் காய விடுங்க. பெட்ரோல் பறந்துடும். ஆயில் இருந்தா வடை மடிச்ச தாள் மாதிரி அந்த இடம் மட்டும் ஒளி ஊடுருவும். சாயம் எப்படியும் நீலமா நிக்கும், அதைப் பார்த்து முடிவு பண்ணாம வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அப்புறம், டேங்க்ல எப்பவும் ஆயிலை முதல்ல ஊத்துங்க, பெட்ரோல் மேல விழுற வேகத்துலயே கலந்துடும்.